ஃபைலும் சரக்குதான், எடை பார்த்து ஏற்றுவோம்



பருப்பும் வற்றலும் மூட்டைக் கணக்கில் வாங்கி விற்கும் எங்களுக்கு மின்னஞ்சலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டோம் என்பதே தகுதி. நாங்கள் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். வெளியூரில் உள்ள ஒரு பெரிய நிறுவனம் 50 கிலோ மூட்டையாக 200 மூட்டை துவரம் பருப்புக்கு விலை கேட்டிருந்தது. பத்து டன், ஒரு லாரி லோடு. மாலை நான்கு மணிக்குள் விலை, சரக்கின் போட்டோ, பரிசோதனைச் சான்று மூன்றும் மின்னஞ்சலில் வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் கடையில் கணக்கு எழுதும் தம்பி சுறுசுறுப்பானவர். செல்போனில் ஆறு போட்டோ எடுத்தார். ஒவ்வொன்றும் 3 எம்.பி. சான்று நான்கு பக்கம். அதைக் கலரில் ஸ்கேன் செய்தார். அது ஒரு 3 எம்.பி. ஆக 21 எம்.பி.யைக் கடிதத்தோடு சேர்த்து, இரண்டரை மணிக்கு அனுப்பும் பட்டனை அழுத்தினார்.

எங்கள் கிட்டங்கி ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே நெட் மெதுவாகத்தான் கிடைக்கும். பாதி போனதும் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் அறுந்தது. மூன்றாம் தடவை, நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கடிதம் போய்விட்டதாகக் காட்டியது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். அடுத்த நிமிடமே திரும்பி வந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் அஞ்சல் கம்ப்யூட்டர் 10 எம்.பி.க்கு மேல் வாங்காதாம். பதறிப் போய் போனில் விலையைச் சொன்னோம். "எழுத்தில் வராததை எடுத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை ஐயா" என்றார் கொள்முதல் அதிகாரி. அவர் மீது தப்பில்லை. ஆர்டர் வேறொருவருக்குப் போயிற்று.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். விலை என்பது ஒரு வரி. சான்றில் அவர்களுக்கு வேண்டியது ஒரு பக்கம். போட்டோ இரண்டு இருந்தால் தாராளம். ஒழுங்காகச் சுருக்கியிருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு எம்.பி.கூட வந்திருக்காது. மெதுவான லைனைக் குறை சொல்லிப் பயனில்லை. எடை போடாமல் லாரியில் ஏற்றியது நாங்கள்.

தந்தி காலத்துச் சிக்கனம்

எங்கள் வயதுக்காரர்களுக்குத் தந்தி நினைவிருக்கும். சொல்லுக்குச் சொல் காசு. அதனால் தந்தி எழுதும் முன் ஒவ்வொரு சொல்லையும் எண்ணுவோம். விலை, மூட்டை, லாரி கிளம்பும் நாள் எல்லாவற்றையும் பத்துச் சொல்லுக்குள் அடக்கிவிடும் கணக்கப்பிள்ளைகள் அந்நாளில் இருந்தார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நம் நாட்டில் நின்றுபோனது. அதோடு அந்தச் சிக்கனமும் போய்விட்டது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது. டெலிபோன் லைனில் மோடம் கூவிக்கொண்டே போகும் காலம் அது. வேகம் குறைவு, ஆனால் அன்றைய கடிதங்களில் பெரும்பாலும் எழுத்து மட்டுமே இருந்தது, அதனால் தொல்லை தெரியவில்லை. இன்று வேகம் பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் செல்போன் கேமராவும் கலர் ஸ்கேனரும் நாம் அனுப்பும் ஃபைலின் எடையை அதைவிட வேகமாகக் கூட்டிவிட்டன. நகரத்தில் ஃபைபர் லைன் வைத்திருப்பவருக்கு இது உறைப்பதில்லை. மலையூரில், கிராமத்தில், கெட்டிச் சுவர் கிட்டங்கியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உறைக்கிறது.

லைனின் வேகத்தை எட்டால் வகுக்க வேண்டும்

நெட் கொடுக்கும் கம்பெனிகள் வேகத்தை 'பிட்' கணக்கில் சொல்கின்றன. ஃபைலின் அளவோ 'பைட்' கணக்கில் இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே கம்பெனி சொல்லும் வேகத்தை எட்டால் வகுத்தால்தான் உண்மையில் ஒரு வினாடிக்கு எவ்வளவு சரக்கு வரும் என்பது தெரியும். படியில் அளந்து மரக்காலில் விலை சொல்வதைப் போன்றது இது. தெரியாதவர் ஏமாறுவார்.

10 எம்.பி. ஃபைல் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். 2 எம்.பி.பி.எஸ். லைனில் வினாடிக்கு 250 கே.பி. வரும், ஃபைல் இறங்க 40 வினாடி. 512 கே.பி.பி.எஸ். லைனில் வினாடிக்கு 64 கே.பி.; ஏறக்குறைய இரண்டரை நிமிடம். 64 கே.பி.பி.எஸ். லைனில் வினாடிக்கு 8 கே.பி.தான், அதே ஃபைலுக்கு 21 நிமிடம் ஆகும். இதுவும் லைன் ஒரு வினாடிகூடத் தடுமாறாமல் இருந்தால்.

இந்தக் காலத்தில் 64 யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டாம். செல்போன் திட்டங்கள் பலவற்றில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64-க்கு இறங்கிவிடுகிறது. வீட்டுப் பிள்ளைகள் வீடியோ பார்த்து முடித்த பிறகு, இரவு ஒன்பது மணிக்குக் கடைக்காரர் நம் விலைப்பட்டியலைத் திறக்கும் நேரத்தில், அவர் கையில் இருப்பது அந்த வேகம்தான். அரசாங்கக் கணக்கும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2004-இல் 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர். 2013-இல் அது 512 ஆயிற்று. 2023-இல்தான் குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். என்று உயர்த்தினார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய டெலிபோன் கம்பி வழி வரும் பிராட்பேண்டில் நமக்கு வரும் வேகம் ஒன்று, நாம் அனுப்பும் வேகம் ஒன்று. அனுப்பும் வேகம் குறைவாகவே இருக்கும். செல்போன் லைனிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆகவே படம் பார்க்கும்போது நன்றாக இருக்கும் லைன், பெரிய ஃபைலை அனுப்பும்போது மூச்சுத் திணறுவதில் ஆச்சரியமில்லை.

நிகர எடையும் மொத்த எடையும்

சாக்கின் எடையைக் கழித்தால் நிகரம் என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் ஃபைலுக்கும், அதாவது அட்டாச்மெண்ட்டுக்கும், ஒரு சாக்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

மின்னஞ்சல் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று கடிதத்தைக் கைமாற்றிக்கொள்ளும் விதிகள் 1982-இல் வகுக்கப்பட்டவை. அவை வெறும் ஆங்கில எழுத்தை மட்டும் மனதில் கொண்டு செய்தவை. போட்டோவையும் பிற ஃபைல்களையும் அதே பாதையில் அனுப்ப 1992-இல் நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இரு நிபுணர்கள் 'மைம்' என்ற முறையை வகுத்தார்கள். அதன்படி ஃபைலில் உள்ள ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக மாற்றப்பட்டுப் பயணம் போகிறது. போய்ச் சேர்ந்ததும் மறுபடி மூன்றாகிறது. இதனால் வழியில் எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. நிகரம் 15 எம்.பி. என்றால் மொத்தம் 20 எம்.பி.

அஞ்சல் கம்ப்யூட்டர் நிர்ணயித்திருக்கும் உச்ச அளவு இந்த மொத்த எடைக்குத்தான். ஜிமெயிலில் அனுப்பும் கடிதத்துக்கு உச்ச அளவு 25 எம்.பி. சாக்கைக் கழித்தால் நம் ஃபைலுக்குக் கிடைப்பது சுமார் 18 எம்.பி. வாங்குபவரின் அஞ்சல் கம்ப்யூட்டர் 10 எம்.பி.தான் ஏற்கும் என்றால் நாம் 7 எம்.பி.க்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் 21 எம்.பி. உண்மையில் 28 எம்.பி.யாகப் பயணம் போய்த் திரும்பியிருக்கிறது. அது எப்படிச் சேரும்?

எடை எங்கே ஏறுகிறது?

ஃபைலை அனுப்பும் முன் அதன் மேல் மவுஸை வைத்து வலது பட்டனைத் தட்டி, 'ப்ராப்பர்டீஸ்' என்பதைத் திறந்தால் எடை தெரியும். இதைப் பார்க்காமல் அனுப்புவதில்லை என்பதே முதல் பழக்கமாக இருக்கட்டும். எடை கூடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஸ்கேன். ஒரு ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்து ஸ்கேன் செய்தால் மொத்தம் சுமார் 87 லட்சம் புள்ளிகள். கலர் என்றால் ஒரு புள்ளிக்கு மூன்று பைட். சுருக்குவதற்கு முன் 26 எம்.பி. 'கிரே' என்னும் சாம்பல் நிறத்தில் மூன்றில் ஒரு பங்கு. சுத்தக் கறுப்பு வெள்ளையில் எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட்தான், 1 எம்.பி.யை ஒட்டி நிற்கும். ஃபைலாக மாறும்போது கம்ப்யூட்டர் இவற்றை இன்னும் சுருக்கிவிடும் என்றாலும், கலர் கனமானது, கறுப்பு வெள்ளை லேசானது என்பது மாறாது. 300-ஐ 200 ஆகக் குறைத்தால் புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். பில், லாரி ரசீது, பரிசோதனைச் சான்று ஆகியவற்றுக்குக் கறுப்பு வெள்ளையில் 200 புள்ளி தாராளமாகப் போதும். மங்கலான ரப்பர் ஸ்டாம்ப், பென்சில் எழுத்து இருந்தால் மட்டும் கிரே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, போட்டோ. 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் 4000-க்கு 3000 புள்ளி. இது சுவரில் மாட்டும் படத்துக்கு உரிய அளவு. பருப்பின் நிறமும் உடைசலும் தெரிய 1600-க்கு 1200 போதும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் உள்ள 'பெயின்ட்' நிரலில் படத்தைத் திறந்து, 'ரீசைஸ்' என்பதைத் தட்டி, 100 என்று இருக்கும் சதவீதத்தை 40 என்று மாற்றினால் இந்த அளவு வந்துவிடும். புள்ளிகளின் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். வேறு பெயரில் சேமிக்க மறக்க வேண்டாம். மூலப் படம் நம்மிடம் பத்திரமாக இருக்கட்டும். குவியலைத் தூரத்திலிருந்து எடுப்பதைவிட, வெள்ளைத் தாளில் ஒரு கைப்பிடி பரப்பிக் கிட்டத்திலிருந்து எடுத்தால் ஒரே படத்தில் காரியம் முடியும்.

மூன்றாவது, அச்சகம் கொடுக்கும் கலர் விலைப்பட்டியல். அச்சகத்துக்காரர் தரும் பி.டி.எஃப். ஃபைல் தாளில் அச்சடிப்பதற்கு உரியது. அதில் படங்கள் முழுப் புள்ளியோடு இருக்கும். அதை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பக் கூடாது. "மின்னஞ்சலில் அனுப்புவதற்கு என்று ஒரு சின்ன ஃபைல் தனியாகக் கொடுங்கள்" என்று கேட்டால் அவர் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார். கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

'ஜிப்' எதற்கு உதவும், எதற்கு உதவாது?

ஜிப் செய்து அனுப்பினால் எடை குறையும் என்று பலர் நம்புகிறார்கள். 1989-இல் வந்த இந்த முறை நல்ல முறைதான். ஆனால் ஏற்கெனவே அமுக்கிக் கட்டிய பஞ்சு பேலை மறுபடி அமுக்க முடியுமா? ஜேபெக் போட்டோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. 2007-க்குப் பின் வந்த எக்செல், வேர்டு ஃபைல்களின் புதிய வகை உள்ளுக்குள் ஜிப்பாகவே இருக்கிறது. இவற்றை ஜிப் செய்தால் ஒன்றும் பெரிதாகக் குறையாது. பழைய வகை எக்செல் ஃபைல், வெறும் எழுத்து ஃபைல், கணக்கு நிரலிலிருந்து எடுக்கும் எழுத்து வடிவப் பட்டியல்கள் ஆகியவை நன்றாகச் சுருங்கும்.

ஆடிட்டருக்கு அனுப்பும் கணக்கு பேக்கப் சில சமயம் சுருக்கியும் பெரிதாகவே இருக்கும். அதற்கு 'செவன்-ஜிப்' என்ற இலவச நிரல் உதவும். அதில் ஃபைலை 5 எம்.பி. 5 எம்.பி.யாகத் துண்டு போட்டு, ஒரு கடிதத்துக்கு ஒரு துண்டாக அனுப்பலாம். வாங்குபவர் எல்லாத் துண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு முதல் துண்டைத் திறந்தால் முழு ஃபைலும் கிடைத்துவிடும். இதில் லாபம் என்னவென்றால், லைன் அறுந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். இருபது மூட்டையை ஒரே தலைச்சுமையாகத் தூக்கச் சொன்னால் யார் தூக்குவார்கள்? ஒவ்வொன்றாகத் தூக்குவது போல இது. வாங்குபவரிடமும் அந்த நிரல் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபைலை கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் வைத்து லிங்க் மட்டும் அனுப்புவதும் ஒரு வழி. ஜிமெயிலில் 25 எம்.பி.யைத் தாண்டினால் அதுவே அப்படிச் செய்துவிடுகிறது. கடிதம் லேசாகப் போய்ச் சேரும். வாங்குபவர் தமக்கு வசதியான நேரத்தில் ஃபைலை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஃபைலின் எடை குறைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அது நம் கிட்டங்கியிலிருந்து பொதுக் கிட்டங்கிக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஏற்றுவதும் இறக்குவதும் அதே எடைதான். யார் பார்க்கலாம் என்ற அனுமதியைச் சரியாக வைக்காவிட்டால் ஒன்று, வாங்குபவருக்குத் திறக்காது. அல்லது லிங்க் கையில் கிடைத்தவர்கள் எல்லாரும் நம் கணக்கைப் பார்ப்பார்கள்.

ஒரு சில்லறைக் கடைக்காரர் சொன்ன பாடம்

எங்களிடம் பல வருடமாக வாங்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் மலையடிவாரத்துக் கிராமத்தில் இருக்கிறார். மாதம் இரண்டு முறை ஆர்டர் தவறாது. அவர் ஆர்டர் மூன்று மாதம் வரவில்லை. வேறு மொத்தக் கடை பிடித்துவிட்டார் போலும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டோம். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்க விலைப்பட்டியல் வந்திருக்குன்னு தெரியுது அண்ணாச்சி. தொட்டா சுத்திக்கிட்டே இருக்கு, திறக்க மாட்டேங்குது. விலை தெரியாம எப்படி ஆர்டர் போடுறது? பக்கத்து டவுன்ல கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே தம்பி?"

"எல்லாரும் திறந்து பாக்குறாங்க, நமக்குத்தான் தெரியலையோன்னு கூச்சமா இருந்துச்சு அண்ணாச்சி."

எங்களுக்கு முகத்தில் அறைந்தது போல் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் நாங்கள் அனுப்பியது அச்சகத்திலிருந்து வந்த 14 எம்.பி. கலர்ப் பட்டியல். அவர் லைனில் அது இறங்க அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு தடவை அறுந்தாலும் போச்சு. தாம் வாங்கும் விலையைத் தெரிந்துகொள்ள ஒரு கடைக்காரர் அரை மணி நேரம் கல்லாவை விட்டுவிட்டு உட்கார வேண்டுமா? தப்பு எங்களுடையது, கூச்சம் அவருடையதாகிவிட்டது.

அன்று முதல் விலைப்பட்டியலை ஃபைலாக அனுப்புவதையே நிறுத்தினோம். கடிதத்துக்குள்ளேயே வரி வரியாக எழுதிவிடுகிறோம். அறுபது சரக்கின் பெயரும் விலையும் தமிழில் எழுதினாலும் 10 கே.பி.யைச் சுற்றித்தான் வரும். 64 கே.பி.பி.எஸ். லைனிலும் ஓரிரு வினாடிகளில் வந்து சேரும். 14 எம்.பி. எங்கே, 10 கே.பி. எங்கே? ஆயிரத்து நானூறில் ஒரு பங்கு! கலர்ப் பட்டியல் வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

லாரி கிளம்பிய செய்திக்கும் இதே முறைதான். இ-வே பில்லை போட்டோ எடுத்து அனுப்பத் தேவையில்லை. அதன் 12 இலக்க எண்ணையும் லாரி நம்பரையும் டிரைவர் போன் நம்பரையும் எழுதிவிட்டால் தகவல் போய்ச் சேர்ந்தது.

வாங்குபவர் செய்யக்கூடியது

அனுப்புபவர் எல்லாரும் நம் சொல்லைக் கேட்கப் போவதில்லை. கம்பெனிகளும் ஏஜென்சிகளும் கனமான ஃபைல்களை அனுப்பிக்கொண்டுதான் இருப்பார்கள். மெதுவான லைன் வைத்திருப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளச் சில வழிகள் உள்ளன.

கடைக் கம்ப்யூட்டரில் அஞ்சல் நிரல் வைத்திருப்பவர்கள் அது 'பாப்' முறையா, 'ஐமேப்' முறையா என்று அமைத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். பாப் முறையில் கடிதங்கள் ஃபைலோடு முழுதாக ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். நடுவில் ஒரு பெரிய கடிதம் மாட்டிக்கொண்டால் பின்னால் உள்ளவை வரிசையில் நிற்கும். செக்போஸ்டில் ஒரு லாரி பழுதானால் பின்னால் எல்லா லாரியும் நிற்பது போல. லைன் அறுந்தால் அந்தக் கடிதம் மறுபடி முதலிலிருந்து இறங்கும். ஐமேப் முறையில் யார் அனுப்பியது, என்ன தலைப்பு, எவ்வளவு எடை என்று முதலில் பார்த்துவிட்டு, வேண்டிய கடிதத்தை மட்டும் இறக்கிக்கொள்ள வழி உண்டு. மெதுவான லைனுக்கு இதுவே உகந்தது.

பாப் முறையை மாற்ற முடியாதவர்கள், 'இத்தனை கே.பி.க்கு மேற்பட்ட கடிதத்தை முழுதாக இறக்காதே' என்று நிரலுக்குச் சொல்லி வைக்கலாம். 'தண்டர்பேர்டு' போன்ற இலவச நிரல்களில் இந்த வசதி உண்டு. பெரிய கடிதத்தின் ஆரம்பம் மட்டும் வரும். வேண்டும் என்றால் ஓய்வான நேரத்தில் மீதியை இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு கடிதம் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றால், பிரவுசர் வழியாக அஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் நாம் தட்டினாலன்றி ஃபைல் முழுதாக இறங்காது. கடிதத்தைப் படித்துவிட்டு, தேவையில்லை என்றால் அங்கேயே அழித்துவிடலாம். ஜிமெயிலில் 'பேசிக் எச்.டி.எம்.எல்.' என்று லேசான ஒரு திரை இருந்தது. பழைய கட்டுரைகளில் அதைச் சிபாரிசு செய்திருப்பார்கள். 2024-இல் அதை நிறுத்திவிட்டார்கள். தேடி அலைய வேண்டாம்.

நாம் அனுப்பிய பெரிய கடிதம் 'அவுட்பாக்ஸ்'ஸில் சிக்கிக்கொண்டால், நிரலை ஆஃப்லைனில் போட்டு, அந்தக் கடிதத்தை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்பத் திரும்பக் கிளம்பிப் பார்த்து லைனையே அடைத்துக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கத் தயங்காதீர்கள். "எங்கள் லைன் மெதுவு. விலையைக் கடிதத்திலேயே எழுதி அனுப்புங்கள், போட்டோவைச் சுருக்கி அனுப்புங்கள்" என்று இரண்டு வரி பதில் போடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சாக்கு கிழிந்திருந்தால் மாற்றிக் கொடு என்று கேட்கிறோம் அல்லவா? பதிலுக்கு 'ரிப்ளை' பட்டனையே பயன்படுத்துங்கள்; பொதுவாக அதில் ஃபைல் திரும்பிப் போகாது. 'ஃபார்வர்டு' செய்தால் முழு எடையும் கூடவே போகும்.

எங்கள் கடையின் ஒழுங்கு

இப்போது எங்கள் கடையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். அதில் இருப்பது இவ்வளவுதான்:

1. எழுத்தில் சொல்ல முடிந்ததை ஃபைலில் அனுப்பாதே.

2. அனுப்பும் முன் எடை பார். சில்லறைக் கடைக்கு அரை எம்.பி.; கம்பெனிக்கும் ஆடிட்டருக்கும் 5 எம்.பி. இதற்கு மேல் போனால் முதலாளியைக் கேள்.

3. பில்லும் சான்றும் கறுப்பு வெள்ளையில், 200 புள்ளியில். கேட்ட பக்கம் மட்டும்.

4. போட்டோ இரண்டுக்கு மேல் வேண்டாம். 40 சதவீதமாகச் சுருக்கு.

5. முக்கியமான விலையை முதலில் தனிக் கடிதமாக அனுப்பு. ஃபைலைப் பின்னால் வேறு கடிதத்தில் அனுப்பு. லைன் அறுந்தாலும் விலை போய்ச் சேர்ந்திருக்கும்.

6. கெடு நான்கு மணி என்றால் நமக்குப் பன்னிரண்டு மணி. அனுப்பியதும் போன் போட்டு, வந்ததா, திறந்ததா என்று இரண்டையும் கேள்.

7. மாதாந்திர பில்களை ஆடிட்டருக்கு வாரா வாரம் அனுப்பு. ஜி.எஸ்.டி.ஆர்-1 கெடுவான 11-ஆம் தேதிக்கு முந்தின இரவு மொத்தமாக அனுப்பாதே.

ஐந்தாவது விதியைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த 200 மூட்டை நினைவுக்கு வரும். விலை மட்டும் தனியாகப் போயிருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் ஒன்றாவது அவர்கள் கையில் இருந்திருக்கும். சான்றுக்கு அரை மணி அவகாசம் கேட்க நமக்கும் ஒரு வாய் இருந்திருக்கும்.

மொத்த வியாபாரிகளான நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சில்லறைக் கடைக்காரருக்குக் கடன் கொடுக்கும்போது அவர் தாங்குவாரா என்று பார்க்கிறோம். ஃபைல் அனுப்பும்போதும் அவர் லைன் தாங்குமா என்று பார்ப்போம். அனுப்புபவர் ஐந்து நிமிடம் செலவழித்துச் சுருக்கினால், வாங்கும் ஐம்பது பேருக்கு ஆளுக்கு அரை மணி மிச்சம். உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டு ஸ்கேன் அளவையும் போட்டோ சுருக்குவதையும் எல்லாருக்கும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அந்த மலையடிவாரத்துக் கடைக்காரரின் ஆர்டர் மறுபடி மாதம் இரண்டு முறை வருகிறது. போன வாரம் அவரே எங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். வற்றல் மூட்டை ஒன்றில் ஈரம் இருந்ததாம். ஒரே படம், 200 கே.பி. கீழே ஒரு வரி: "பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி." ஈரம் தெளிவாகத் தெரிந்தது. மூட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டோம்.